மோசேயை வில்லனாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் ஆன்மிகப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த, நியாயப்பிரமாணமும் (கடவுள் மோசே மூலம் கொடுத்த சட்டம்) கிருபையும் (கடவுள் இலவசமாகக் காட்டும் தயவு) பற்றிய கட்டுரையையும், அதற்கு இந்த வாரம் வந்திருக்கும் வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையின் சாரம் இதுதான்: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கண்டிப்பானவர், சட்டம் போட்டார், மீறினால் தண்டித்தார், யூதர்கள் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்துப் பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்த்தார்கள், இயேசு வந்து அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நம்பினால் போதும் என்றார். கடிதம் எழுதிய ஒரு வாசகர் இதைப் பிடித்துக்கொண்டு, ஆறு நாளும் இஷ்டத்துக்கு இருந்துவிட்டு ஏழாம் நாள் மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடு என்று கேலி செய்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டுரை சொன்னது சரியென்றால் அவர் கேட்டதும் சரிதான்.

நான் கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிறுதோறும் சபையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இறையியல் பட்டமெல்லாம் கிடையாது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் மழுப்பலாக எதையும் சொல்லித் தப்ப முடியாது. "கிருபைதான் இருக்கே டீச்சர், அப்புறம் பத்துக் கட்டளையை எதுக்கு மனப்பாடம் பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே கட்டுரையாளர் சொல்கிற கதை இல்லை.

வரிசையைப் பாருங்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் முறையிட்டார்கள், கடவுள் கேட்டார், விடுவித்தார். கடலைக் கடந்தார்கள். கடந்த கையோடு முறுமுறுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் கசக்கிறது என்றார்கள், தண்ணீர் கிடைத்தது. எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன, வானத்திலிருந்து மன்னா என்ற உணவு கிடைத்தது. இதெல்லாம் யாத்திராகமம் 14 முதல் 17 வரை. சீனாய் மலைக்கு அவர்கள் வந்து சேருவது 19-ஆம் அதிகாரத்தில், புறப்பட்ட மூன்றாம் மாதத்தில். பத்துக் கட்டளை 20-ஆம் அதிகாரத்தில். அதுவும் "செய்யாதே" என்று ஆரம்பிக்கவில்லை. உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நான் என்றுதான் ஆரம்பிக்கிறது. விடுதலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கட்டளைகளைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று எகிப்தில் வைத்து ஒருவரிடமும் பேரம் நடக்கவில்லை. விடுவிக்கப்பட்டவர்கள் இனி எப்படி வாழ்வது என்பதற்குத்தான் கட்டளை.

சரி, இதைப் பல பிரசங்கிகள் சொல்லிக் கேட்டிருப்போம். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

மோசே மலையில் இருக்கும்போதே கீழே பொன் கன்றுக்குட்டி தயாராகிவிட்டது. அவர் இறங்கி வந்து, பார்த்து, கையிலிருந்த கற்பலகைகளை மலையடிவாரத்தில் எறிந்து உடைத்தார். அதாவது, முதல் பலகைகள் மக்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. வந்து சேருவதற்குள்ளேயே முதல் கட்டளையும் இரண்டாம் கட்டளையும் மீறப்பட்டுவிட்டன. கட்டுரையாளர் வர்ணிக்கிற கண்டிப்பான கடவுளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தண்டனை இல்லாமல் போகவில்லை, அன்றைக்கு வாளால் செத்தவர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மோசே மன்றாடுகிறார், இன்னும் இரண்டு பலகைகளைச் செதுக்கிக்கொண்டு வா என்று உத்தரவு வருகிறது, மோசே மறுபடி மலை ஏறுகிறார். அப்போது கடவுள் தம்மைப் பற்றித் தாமே அறிவிப்பதாக 34-ஆம் அதிகாரம் சொல்கிறது: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." பழைய ஏற்பாட்டில் வேறு எந்த வரியையும்விட இந்த வரியைத்தான் சங்கீதக்காரர்களும் தீர்க்கதரிசிகளும் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். யோனா இதைச் சொல்லிக் கடவுளிடம் கோபித்துக்கொள்ளவே செய்கிறார்.

உடன்படிக்கைப் பெட்டிக்குள் வைத்து இஸ்ரவேலர் சுமந்துகொண்டு நடந்தது இந்த இரண்டாவது பலகைகளைத்தான். உபாகமம் 10 இதைத் தெளிவாகச் சொல்கிறது. சட்டத்தின் பலகைகள் மக்கள் கைக்கு வந்ததே ஒரு மன்னிப்புக்குப் பிறகுதான். என் வகுப்பில் ஒரு பெண், "அப்போ அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது செகண்ட் சான்ஸ்தானே டீச்சர்?" என்றாள். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். யூத மரபு 613 கட்டளைகள் என்று கணக்கு வைத்திருக்கிறது: செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. இந்த எண்ணிக்கையைச் சொல்லி, பார்த்தீர்களா எவ்வளவு பெரிய சுமை என்று முடித்துவிடுவது நம் மேடைகளில் வழக்கம். உள்ளே போய் ஒன்றிரண்டைப் படித்துக் காட்டுகிறவர்கள் குறைவு.

அடகு பற்றி ஒரு கட்டளை இருக்கிறது. ஏழை ஒருவன் தன் போர்வையை ஈடாக வைத்துக் கடன் வாங்கினால், பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அவனிடம் இருப்பது அது ஒன்றுதான், வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று சட்டமே கேட்கிறது. காரணமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: அவன் என்னிடம் முறையிட்டால் கேட்பேன், நான் இரக்கமுள்ளவர். இது யாத்திராகமம் 22. உபாகமம் 24 இன்னும் ஒரு படி போகிறது. அடகுப் பொருளை எடுக்கக் கடன் கொடுத்தவன் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவன்தான் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கடன்காரன் வீட்டுக்குள் வந்து பாத்திரம் பண்டத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது என்ன அவமானம் என்று தெரிந்த யாரோ சொன்ன சட்டம் இது. கடனே வாங்கியிருந்தாலும் வீடு அவன் வீடு.

பாவநிவாரண பலியைப் பற்றி லேவியராகமம் 5 சொல்வதையும் பாருங்கள். ஆடு கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். அதற்கும் வழியில்லையென்றால் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. எண்ணெய் வேண்டாம், சாம்பிராணி வேண்டாம். அந்த மாவுக்கும் அதே மன்னிப்புதான். ஆட்டுக்கு முழு மன்னிப்பு, மாவுக்கு முக்கால் மன்னிப்பு என்றெல்லாம் இல்லை. மனுஷன் தவறுவான், தவறுகிறவன் ஏழையாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதிய சட்டம் எப்படி ஈவிரக்கமில்லாத சட்டம் ஆகும்? பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்புக்கும் இதே போல ஏழைகளுக்கு ஒரு சலுகை உண்டு. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் அந்தச் சலுகையின்படி கொடுத்த காணிக்கையைத்தான் லூக்கா 2 குறிப்பிடுகிறது.

அந்தச் சட்டத்தில் கடுமையும் உண்டு. அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்வது பற்றிய பகுதியை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் என்னை முறைத்துப் பார்த்தார்கள், பார்க்கத்தான் வேண்டும். கல்லில் எழுதப்பட்டது மரணத்துக்கேதுவான ஊழியம் என்று அப்போஸ்தலர் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சொல்கிறார். சட்டத்தால் குற்றத்தைக் காட்ட முடியும், குற்றவாளியின் மனதை மாற்ற முடியாது என்பது அவர் வாதம். இச்சியாதிருப்பாயாக என்று சட்டம் சொல்லியிராவிட்டால் இச்சை என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது என்று ரோமர் 7-ல் எழுதுகிறார். இதை நான் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றைத்தான்: கடவுள் முன்பு கோபக்காரராக இருந்து அப்புறம் மனம் மாறினார் என்கிற கதையை.

அந்தக் கதை புதிதும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே சொன்னார். பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு என்றார். லூக்காவின் சுவிசேஷத்தை வெட்டிச் சுருக்கி, பவுலின் பத்துக் கடிதங்களையும் தமக்கேற்றபடி வெட்டி அதோடு சேர்த்து, இதுதான் வேதம் என்றார். ரோம் சபை 144-ல் அவரை வெளியேற்றியது. அவர் கொடுத்திருந்த பெருந்தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. (உபதேசம் தப்பு என்று காணிக்கையைத் திருப்பிக் கொடுத்த சபை! நினைத்தாலே ஆச்சரியமாக இருக்கிறது.)

அப்படியானால் பவுல் எதற்காக அவ்வளவு சண்டை போட்டார்? கட்டுரையாளர் கலாத்தியர் நிருபத்திலிருந்து வரிகளை எடுத்துப் போட்டிருக்கிறாரே தவிர, சண்டை எங்கே வந்தது என்று சொல்லவில்லை. சண்டை வந்தது சாப்பாட்டுப் பந்தியில். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் பயந்துபோய் ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், பர்னபா உட்பட, எழுந்து போனார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்டார். நீதிமானாக்கப்படுவது (கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது) நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் (செயல்களினால்) அல்ல, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால் என்கிற அந்தப் புகழ்பெற்ற வாக்கியம், இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டு போகும்போதே வருகிறது. ஒரே பந்தியில் இவன் உட்காரலாமா கூடாதா என்பதுதான் அன்றைய கேள்வி. விருத்தசேதனம் (ஆணின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டு யூதனாக மாறினால்தான் நீ கடவுளின் பிள்ளை என்று சிலர் நிபந்தனை வைத்தார்கள். பவுல் அந்த நிபந்தனையைத்தான் எதிர்த்தார்.

அதற்கு அவர் எடுத்த ஆயுதமும் மோசேயின் புத்தகம்தான். கணக்கு டீச்சரான எனக்கு அந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். யூதர்களின் மூதாதையான ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15. அவர் மகன் இஸ்மவேல் பிறந்தது அடுத்த அதிகாரத்தில், அப்போது ஆபிரகாமுக்கு வயது 86. அவர் விருத்தசேதனம் செய்துகொண்டது அதற்கும் அடுத்த அதிகாரத்தில், 99-ஆம் வயதில். அப்படியானால் நீதிமான் என்று எண்ணப்பட்டபோது அவர் விருத்தசேதனம் இல்லாதவர், அந்த நிலை பதின்மூன்று வருஷமாவது நீடித்தது. சீனாய்ச் சட்டம் வந்தது ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பிறகு என்று கலாத்தியர் 3 கணக்குச் சொல்கிறது. பின்னால் வந்தது முன்னால் கொடுத்ததை ரத்து செய்யாது. மோசேயைத் தூக்கி எறிகிற ஆள் மோசேயின் புத்தகத்திலிருந்து இப்படித் தேதி பார்த்து வாதாடுவாரா?

அதே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்துவைத்தார் என்று அப்போஸ்தலர் 16-ல் இருக்கிறது. கிரேக்கரான தீத்துவுக்குச் செய்யச் சொன்னபோது ஒரு நாழிகையும் இடம் கொடுக்கவில்லை என்று கலாத்தியர் 2-ல் இருக்கிறது. முரண்பாடு மாதிரித் தெரியும். ஒன்றில் அது இரட்சிப்புக்கு நிபந்தனை இல்லை, ஒரு யூதத் தாயின் மகன் யூதர்களுக்கு நடுவே ஊழியம் செய்யப் போகிறார், அவ்வளவுதான். மற்றதில் அதை நுழைவுச்சீட்டு ஆக்கினார்கள். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் கலாத்தியர் நிருபம் பாதி புரிந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

யூதர்கள் பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்த்தார்கள் என்ற வரிக்கும் ஒரு வார்த்தை. தானியேல் 9-ல் ஒரு ஜெபம் உண்டு: எங்கள் நீதியை நம்பி அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கத்தை நம்பியே எங்கள் விண்ணப்பங்களைச் செலுத்துகிறோம் என்று. இந்த வரி யூதர்களின் காலை ஜெபத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அன்றாடம் இப்படி ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, கிருபை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் என்று எழுதுவது நியாயமில்லை. இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் அந்தக் கால யூத நூல்களை விரிவாக ஆராய்ந்து 1977-லேயே இதை எடுத்துக் காட்டினார். உடன்படிக்கைக்குள் வருவது கடவுளின் தயவால், கட்டளைகளைக் கைக்கொள்வது அதற்குள் நிலைத்திருக்க என்பதுதான் அவர்களுடைய எண்ணம் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பவுலைப் பற்றி எழுதுகிற யாரும் அந்தப் பழைய சித்திரத்தை யோசிக்காமல் வரைவதில்லை.

கிறிஸ்துவில் புதிதாக ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்பதுதான் எங்கள் விசுவாசம். வருஷாவருஷம் திரும்பச் செய்த பலி ஒரேதரம் முடிந்தது. யூதராக மாறாமலே எல்லா இனத்தாரும் வரலாம் என்று வாசல் திறந்தது. என் சட்டத்தை நெஞ்சில் எழுதுவேன் என்று கடவுள் பேரில் தீர்க்கதரிசி எரேமியா சொன்னது ஆவியானவரால் தொடங்கியது. இதைத்தான் யோவான், நியாயப்பிரமாணம் மோசேயின் மூலமாய்க் கொடுக்கப்பட்டது, கிருபையும் சத்தியமும் இயேசு கிறிஸ்துவின் மூலமாய் உண்டாயின என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு "ஆனால்" போட்டுப் படிக்கிறோம்; வசனத்தில் அது இல்லை. அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன் என்று இயேசு சொன்னதை அடுத்து வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

இப்போது கேலி செய்த வாசகருக்கு. ஐயா, உங்கள் கேள்வியைப் பவுல் தம் காலத்திலேயே கேட்டுவிட்டார். நன்மை வரும்படி தீமை செய்வோம் என்று நாங்கள் போதிப்பதாகச் சிலர் தூஷிக்கிறார்கள் என்று ரோமர் 3-ல் குறிப்பிடுகிறார். 6-ஆம் அதிகாரத்தில் அவரே கேள்வியைப் போட்டு, "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கும் இதே தலைவலி வந்தது. அவருடைய சொந்தச் சிநேகிதர் யோகான் அக்ரிகோலா, கிறிஸ்தவனுக்குச் சட்டப் பிரசங்கமே வேண்டாம், சுவிசேஷம் மட்டும் போதும் என்றார். விசுவாசத்தால் மட்டுமே என்று முழங்கிய லூத்தர் அதற்கு எதிராக 1537 முதல் தொடர்ந்து வாதாடினார். அதற்கு முன்னரே, 1529-ல், பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று அவர் எழுதிய ஞானோபதேசம் (விசுவாசப் பாடநூல்) பத்துக் கட்டளையில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்தது 1563-ல் வந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம். அதில் மூன்று பகுதிகள்: மனிதனின் அவலம், விடுதலை, நன்றி. பத்துக் கட்டளையை எதற்குள் வைத்திருப்பார்கள் என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் முதல் பகுதி என்பார்கள். அவலத்தைக் காட்டத்தானே சட்டம்? ஆனால் கட்டளைகளை ஒவ்வொன்றாக விளக்குவது மூன்றாவது பகுதியில், நன்றிக்குக் கீழே. விடுவிக்கப்பட்டவன் நன்றியோடு எப்படி நடப்பான் என்பதற்கு அது ஒரு வரைபடம். யாத்திராகமத்தின் அதே வரிசை. யாக்கோபு, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று எழுதியதையும் பவுலுக்கு எதிர்க்கட்சியாக நிறுத்த வேண்டியதில்லை. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் அவர். வாயளவு நம்பிக்கையைத்தான் சாடுகிறார். கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள் என்று கட்டுரையில் போகிற போக்கில் வருகிறதே, அதுவும் தவறு. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் இருக்கும் விசுவாசமோ கிரியையோ எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547-லேயே எழுதிவைத்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்கில் இது குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்தும் இட்டிருக்கின்றன.

சட்டம் ஒழிந்தது என்று உரக்கச் சொல்கிற இடங்களில் நான் கவனித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் சட்டம் இருக்கிறது, அவர்களுக்கு வேண்டியது மட்டும். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) என்றதும், அதைக் கொண்டுவரச் சொல்கிற மல்கியா 3 வந்துவிடும். மோசேயின் கீழ் இல்லை என்றவர்களுக்கு மோசேயின் பத்தில் ஒன்று மட்டும் எப்படி மிஞ்சியது? அதையாவது முழுசாகச் சொல்கிறார்களா என்றால் இல்லை. உபாகமம் 14-ன்படி, கொண்டுபோகிறவன் தன் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் அதைச் சாப்பிட்டு மகிழ வேண்டும்; மூன்றாம் வருஷத்தில் ஆலய ஊழியம் செய்கிற லேவியனும், பரதேசியும் (அந்நியனும்), திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். இதை ஒரு தசமபாகப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

இதைவிட மோசமான ஒரு சட்டம் இருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

என் அக்கா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஒரு ஜெபக்குழு அடிக்கடி வந்தது. நல்ல பாட்டு, நல்ல ஜெபம். ஆரம்பத்தில் அக்காவுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. சிகிச்சை பலிக்காமல் போகப் போக அவர்கள் பேச்சு மாறியது. விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது என்றார்கள். மறைத்த பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். கடுகளவு விசுவாசம் இருந்தாலே மலை பெயரும், கடுகளவு கூடவா இல்லை என்றார் ஒரு அம்மாள், அதுவும் அன்பாகத்தான். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம், "எவ்வளவு நம்பினா போதும்னு கேட்டுச் சொல்லுடி, நான் இன்னும் நம்பப் பாக்குறேன்" என்றாள். மூச்சு விடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் நம்ப முயற்சி செய்தாள்.

கிருபையின் பேரைச் சொல்லிக்கொண்டு செய்த காரியம் இது. இவர்கள் விசுவாசத்தையே ஒரு கிரியை ஆக்கிவிட்டார்கள். எவ்வளவு செய்தால் போதும் என்று தெரிந்த கிரியைகூட இல்லை. மோசேயிடம் போயிருந்தால் ஆடு இல்லையா, புறா கொண்டு வா, புறா இல்லையா, கொஞ்சம் மாவு கொண்டு வா என்று இறங்கி வந்திருப்பார். புறாவுக்கும் வழியில்லாத ஏழைக்கு மோசேயின் சட்டத்திலேயே இடம் இருந்தது. இவர்களிடம் அக்காவின் விசுவாசத்துக்கு இடம் இல்லை.

அன்றைக்கு அவளுக்கு மாற்கு 9-ஐ வாசித்துக் காட்டினேன். பிள்ளையைக் குணமாக்க முடியாமல் தவித்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். நம்பிக்கையும் இல்லாமையும் ஒரே மூச்சில். முழுசாக நம்பிவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை குணமானான். என் அக்கா குணமாகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. ஆனால் அவள் விசுவாசம் எடை குறைந்ததால் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்று எபேசியர் 2 சொல்கிறதே. ஈவு என்றால் அதற்கு எடைபோடும் தராசு எதற்கு? அடுத்த வீட்டுப் படுக்கையருகே இந்தத் தராசோடு போகிறவர்கள் அந்த வசனத்தைத் தயவுசெய்து முதலில் தங்களுக்குப் படித்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நியாயப்பிரமாணமே சாபம் என்று பவுல் சொன்னதாகக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. கலாத்தியர் 3-ல் அவர் பேசுவது சட்டத்தில் எழுதியவற்றில் நிலைத்திராதவன்மேல் வரும் சாபத்தைப் பற்றி. அதுவும் உபாகமம் 27-லிருந்து எடுத்த மேற்கோள். சட்டத்தைப் பற்றிய அவருடைய சொந்த வார்த்தை ரோமர் 7:12-ல் இருக்கிறது: நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளது, கற்பனையும் (கட்டளையும்) பரிசுத்தமாயும் நீதியாயும் நன்மையாயும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடுங்கள். யூதர்கள் எதை நம்புகிறார்கள் என்று இனி அந்தப் பக்கத்தில் எழுதுவதாக இருந்தால், யூதர் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை